புற்றுநோய் அச்சத்தை எதிர்த்து நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

புற்றுநோய் என்ற சொல்லை நமது வீடுகளில் இன்றும் உரத்துச் சொல்வதில்லை. வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருப்பதாக அறியவந்தால், அச்செய்தி அயலவருக்கும் உறவினருக்கும் எட்டாதவாறு மறைப்பதிலேயே அக்குடும்பத்தினரின் முதற்கவனம் செல்கின்றது. வீட்டில் திருமண வயதில் பெண்பிள்ளைகள் இருப்பின் இந்த மறைப்பு மேலும் இறுக்கமாகின்றது. தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இதில் இல்லை. நோயைவிட நோயின் பெயருக்கு அஞ்சும் இப்பழக்கத்தினால் நாம் இழந்த உயிர்கள் பல என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

இந்த அச்சத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தமது குடும்பத்தினுள் கண்டு, அதனை எதிர்த்து நிற்பதைத் தமது வாழ்நாட் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்ட ஒரு தமிழ்ப் பெண்மணியை நினைவுகூர்வது இவ்வேளையில் பொருத்தமாகும். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஜூலை மாதம் அவரது பிறப்பு, மறைவு ஆகிய இரண்டையும் ஒருங்கே நினைவூட்டும் மாதமாகும். 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி பிறந்த அவர், 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி காலமானார்.

அன்று தனிச் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டையே அவர் பிறந்த மண். தந்தையார் நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசையையும் நடனத்தையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட சமூகத்தில் பிறந்தவர். அக்காலச் சமூகம் அச்சமூகத்துப் பெண்களைக் கோவில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை வழமையாகக் கொண்டிருந்தது. கலைகளைக் காத்து வளர்த்த பெண்களுக்கு இல்லற வாழ்வின் மதிப்பை மறுத்த அவ்வழமையின் கசப்பைத் தாய்வழி உறவினரின் வாழ்வில் கண்டே முத்துலட்சுமி வளர்ந்தார்.

பெண்பிள்ளைகள் பருவமடைந்ததும் வீட்டினுள் இருத்தப்பட்ட காலம் அது. முத்துலட்சுமியின் பள்ளிப்படிப்பும் அவ்வாறே இடையில் முடிந்திருக்க வேண்டியது. எனினும், தந்தையாரிடம் வீட்டிலேயே கற்று மெட்ரிகுலேசன் பரீட்சையில் சித்தியெய்தினார். அதன்பின்னர் ஆண்கள் மாத்திரமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவர் இடங்கேட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவரின் ஒழுக்கம் கெடும் என்றனர் சிலர்; தாயாரின் பிறப்பைச் சுட்டிக்காட்டி மறுத்தனர் வேறு சிலர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் இவ்வெதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார். வகுப்பறையில் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடங்கேட்கும் நிலையிலேயே அவரது கல்லூரி வாழ்வு ஆரம்பமாயிற்று.

1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912ஆம் ஆண்டில் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று வைத்தியராக வெளியேறினார். 1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சாதி கடந்து, சடங்குகளைத் தவிர்த்து, 1872ஆம் ஆண்டின் விவாகச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற திருமணம் அது. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தமது விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற நிபந்தனையின் பேரிலேயே அவர் அத்திருமணத்திற்கு இசைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கணவரும் அந்நிபந்தனையை இறுதிவரை காத்தார்.

முத்துலட்சுமியின் வாழ்வைத் திசைதிருப்பிய துயரம் 1920களின் முற்பகுதியில் நிகழ்ந்தது. அவரது இளைய சகோதரி நோயுற்றார். முதலில் அது வயிற்றுளைவு என்றே கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் என அறியவந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே சகோதரி மறைந்தார். தாமும் வைத்தியர், கணவரும் வைத்தியர், சென்னையின் தேர்ந்த வைத்தியர் பலர் நண்பர்கள் என்றிருந்தும், தமது கண்முன்னே ஓர் இளம் உயிர் வதைபட்டு மடிவதைத் தடுக்க இயலாதுபோன வேதனையை அவர் என்றும் மறக்கவில்லை. நோயை உரிய காலத்தில் இனங்காணாமை, சிகிச்சைக்குரிய இடமின்மை ஆகிய இரண்டுமே அம்மரணத்தின் காரணங்கள் என்பதை அவர் உணர்ந்துகொண்டார்.

1925ஆம் ஆண்டில் பெண்கள், சிறுவர் நோய்கள் பற்றிய மேற்பயிற்சிக்காக அவர் இங்கிலாந்து சென்றார். அங்கே லண்டனில் புற்றுநோய்க்கெனத் தனியாக இயங்கிய வைத்தியசாலையைக் கண்டார். எக்ஸ் கதிர்களை றொன்ட்ஜன் 1895ஆம் ஆண்டிலும், ரேடியத்தைக் கியூரி தம்பதியினர் 1898ஆம் ஆண்டிலும் கண்டுபிடித்து ஒரு தலைமுறைக் காலம் கடந்திருந்தது. சத்திரசிகிச்சை எட்டமுடியாத கட்டிகளைக் கதிர்வீச்சினால் சுருங்கச் செய்யலாம் என்பதை மேலைநாட்டு வைத்தியர்கள் அறிந்திருந்தனர். புற்றுநோய் விதியின் தண்டனை எனக் கைகட்டி நின்ற தமது நாட்டிலும் இத்தகைய ஒரு நிலையம் எழவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவரது உள்ளத்தில் வேரூன்றியது.

எண்ணம் செயலாவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, பிரித்தானிய இந்தியாவின் முதலாவது பெண் சட்டசபை உறுப்பினர் என்ற பெருமையைப் பெற்றார். அச்சபையின் துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார். பெண்களைக் கோவில்களுக்கு அர்ப்பணிக்கும் முறையை ஒழிப்பதற்கான மசோதாவை அவர் சபையில் கொண்டுவந்தபோது, பழமையின் காவலர்களாகத் தம்மைக் கருதியோர் எதிர்த்தனர். அம்முறை முற்றாகச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது 1947ஆம் ஆண்டிலேயே ஆகும். முஸ்லிம் மாணவியர் தங்கிப் பயில்வதற்கென விடுதியொன்று ஏற்படுத்தப்படவும், தாழ்த்தப்பட்ட சமூகங்களின் மாணவியருக்கு உதவித்தொகை வழங்கப்படவும் அவர் பாடுபட்டார். கல்வியிலிருந்து விலக்கிவைக்கப்பட்ட எந்தப் பெண்ணும் எச்சமயத்தைச் சேர்ந்தவர் என்று அவர் பார்த்ததில்லை.

1930ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைதுசெய்யப்பட்டதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியைத் துறந்தார். போக்கிடமின்றித் தமது வாயிலை நாடிவந்த பெண்பிள்ளைகளை மற்றைய விடுதிகள் ஏற்க மறுத்தபோது, அவர்களுக்காகத் தாமே ஓர் இல்லத்தை ஆரம்பித்தார். அதுவே ஔவை இல்லம். அவ்வில்லம் சென்னை அடையாற்றில் நிலைபெற்றுப் பல தலைமுறைப் பெண்களுக்குக் கல்வியும் வாழ்வும் அளித்தது.

1935ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றுமாறு அவர் அழைக்கப்பட்டார். தாம் பயின்ற கல்லூரியின் மேடையைப் புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைக்கவே அவர் பயன்படுத்தினார். அக்கோரிக்கை எளிதில் செவிமடுக்கப்படவில்லை. உயிர் பிழைக்கமாட்டாதவருக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுவது வீண் என்ற எண்ணமே அதிகாரத்தில் இருந்தோர் பலரிடம் நிலவியது. 1941ஆம் ஆண்டில் பம்பாயில் டாட்டா நினைவு வைத்தியசாலை திறக்கப்பட்டபோதிலும், தென்னிந்தியாவில் அத்தகைய முயற்சி எதுவும் உருப்பெறவில்லை.

அரசாங்கத்தை எதிர்பார்த்திருப்பதில் பயனில்லை என உணர்ந்த முத்துலட்சுமி, இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் 1949ஆம் ஆண்டில் புற்றுநோய் நிவாரண நிதியொன்றை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. பெண்கள் வீடுவீடாகச் சென்று பணம் திரட்டினர். அவரது இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, புற்றுநோய் மருத்துவத்தில் வெளிநாடுகளில் பயிற்சிபெற்றுத் திரும்பித் தாயாரின் பணியில் இணைந்தார். 1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி அடையாறு புற்றுநோய் நிலையம் தனது பணியை ஆரம்பித்தது. பன்னிரண்டு படுக்கைகள், விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்கள், குடில் போன்ற எளிய கட்டடம் ஆகியவையே அதன் தொடக்கச் சொத்துகளாகும். மறு ஆண்டு டாக்டர் சாந்தா என்ற இளம் வைத்தியர் அரச வேலைவாய்ப்பை விடுத்து அங்கு வந்து சேர்ந்தார். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் மறையும்வரை அவர் அந்நிலையத்தை விட்டு அகலவில்லை.

இச்சிறிய வைத்தியசாலை 1950களின் பிற்பகுதியிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் 60 கதிர்வீச்சு இயந்திரத்தைப் பெற்றுக்கொண்டது. அவ்வகை இயந்திரத்தினால் நோயாளி ஒருவருக்கு உலகில் முதன்முதலாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது 1951ஆம் ஆண்டின் இறுதியில், கனடாவிலேயே ஆகும். மிகச் சில ஆண்டுகளுக்குள், பொதுமக்களின் நன்கொடையை நம்பிநின்ற ஒரு நிலையம் அத்தொழில்நுட்பத்தை ஆசியாவின் இப்பகுதிக்குக் கொண்டுவந்தது வியப்பிற்குரியது. ஏழை நோயாளிக்குப் பழைய முறையே போதும் என்ற எண்ணத்தை அந்நிலையம் ஏற்கவில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோபால்ட் இயந்திரத்தின் பயன் பெரிது. அதன் குறைகளும் அறியப்பட்டவையே. அதனுள் இருக்கும் கதிரியக்கப் பொருளின் வலிமை ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். வலிமை குறையக் குறைய ஒவ்வொரு நோயாளியும் கூடுதல் நேரம் இயந்திரத்தின் கீழ்ப் படுத்திருக்க நேரிடும். கதிர்க்கற்றையின் விளிம்பு கூர்மையாக அமையாததால் கட்டியை அடுத்துள்ள நலமான உறுப்புகளும் ஓரளவு கதிர்வீச்சைப் பெறும். வாய்ப்புற்று நோயாளியின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றிப்போவதும், கருப்பைக் கழுத்துப் புற்று நோயாளியின் குடலும் சிறுநீர்ப்பையும் புண்படுவதும் இதனாலேயே நிகழ்ந்தன. கதிர்வீச்சுச் சிகிச்சை, நமது பேச்சுவழக்கிலே கரண்ட் கொடுப்பது, உடலைக் கருக்கிவிடும் என்ற அச்சம் மக்களிடையே பரவியதற்கு அக்கால அனுபவங்களும் ஒரு காரணமாகும்.

இன்றைய நிலைமை வேறு. மின்சாரத்தினால் இயங்கி, வேண்டும்போது மாத்திரம் உயர்சக்தி எக்ஸ் கதிர்களை உருவாக்கும் நேர்கோட்டு முடுக்கி இயந்திரங்கள் கோபால்ட்டின் இடத்தைப் பெருமளவில் பிடித்துள்ளன. சிகிச்சை ஆரம்பிக்கும் முன்னர் சி.ரி. ஸ்கேன் மூலம் கட்டியின் வடிவமும் அதனைச் சூழ்ந்த உறுப்புகளும் முப்பரிமாணத்தில் படம்பிடிக்கப்படுகின்றன. எவ்விடத்திற்கு எவ்வளவு கதிர்வீச்சு, எவ்வுறுப்பைத் தவிர்க்க வேண்டும் என்பதை வைத்தியரும் மருத்துவப் பௌதிகவியலாளரும் கணினியில் திட்டமிடுகின்றனர். இயந்திரத்தின் வாயிலில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகள் பல, கணினியின் கட்டளைப்படி நகர்ந்து, கதிர்க்கற்றையைக் கட்டியின் வடிவத்திற்கேற்ப வெட்டித் தருகின்றன.

இத்துடன் பணி முடிவதில்லை. மனித உடல் அசையாத கற்சிலை அன்று. மூச்சுவிடும்போது நுரையீரலும் ஈரலும் நகர்கின்றன. சிறுநீர்ப்பை நிறைவதும் குறைவதும் அருகிலுள்ள உறுப்புகளை இடம்மாற்றுகின்றன. சிகிச்சைக்காலத்தில் நோயாளி மெலிவதும், கட்டி சுருங்குவதும் உண்டு. முதல்நாள் எடுத்த படத்தை நம்பி ஐந்தாறு வாரங்கள் கதிர்வீச்சுச் செலுத்தினால் குறி தவறும். எனவே நோயாளி சிகிச்சை மேசையில் படுத்த பின்னர் அங்கேயே மீண்டும் படம்பிடித்து, திட்டத்துடன் ஒப்பிட்டு, மில்லிமீற்றர் அளவிலான விலகலையும் மேசையை நகர்த்திச் சரிசெய்த பின்னரே கதிர்வீச்சு வழங்கப்படுகின்றது. பட வழிகாட்டலுடன் கூடிய துல்லியக் கதிர்வீச்சுச் சிகிச்சை என்பது இதுவே. இதன் பயனாகக் கட்டிக்குப் போதிய அளவு கதிர்வீச்சைத் துணிந்து வழங்க முடிகின்றது. உமிழ்நீர்ச் சுரப்பி, முள்ளந்தண்டு, இதயம் போன்றவற்றைப் பெருமளவு காக்கவும் முடிகின்றது. பக்கவிளைவுகள் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. களைப்பு, தோல் சிவத்தல், வாய்ப்புண் போன்றவை இன்றும் ஏற்படலாம். அவற்றுள் பெரும்பாலானவை உரிய கவனிப்பினால் தணியக்கூடியவை.

நமது நாட்டிலும் இத்துறை முன்னேறியே வந்துள்ளது. இன்று அபேக்ஷா என்ற பெயரில் இயங்கும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் நேர்கோட்டு முடுக்கிகள் பயன்பாட்டில் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகின்றது என்பது நாம் பெருமைகொள்ள வேண்டிய ஒன்றாகும். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை சகல இனத்தவரும் கலந்துகொண்ட நடைபயணத்தின் மூலம் திரட்டப்பட்ட நிதி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்கு உதவியது. மக்கள் சிறுகச்சிறுக அளித்த பணத்தினால் ஒரு வைத்தியசாலையை எழுப்ப முடியும் என அடையாற்றில் முத்துலட்சுமி மெய்ப்பித்துக் காட்டியது, நமது மண்ணிலும் மெய்யானது என்றே கொள்ளவேண்டும். எனினும் நோயாளரின் தொகைக்கேற்ற இயந்திரங்களும், அவற்றை இயக்கவும் பராமரிக்கவும் வல்ல பௌதிகவியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் நாட்டிற்குத் தொடர்ந்து தேவைப்படுகின்றனர். ஓர் இயந்திரம் பழுதடைந்து நின்றால் அதனை நம்பியிருக்கும் நோயாளரின் சிகிச்சை தடைப்படுகின்றது என்பதை ஆட்சியாளர்கள் மறந்துவிடலாகாது.

இயந்திரங்கள் எத்துணைத் துல்லியமாயினும், நோயாளி உரிய காலத்தில் அவற்றை வந்தடையாவிடின் பயனில்லை. முத்துலட்சுமியின் சகோதரிக்கு நேர்ந்தது அதுவே. நூறாண்டுகளுக்கு முன்னர் அறியாமையினால் நேர்ந்த தாமதம், இன்று கூச்சத்தினாலும் அச்சத்தினாலும் நேர்கின்றது. மார்பில் தோன்றிய கட்டியைத் தாயிடமோ கணவரிடமோ கூறக் கூசி மாதக்கணக்கில் மறைக்கும் பெண்கள் நம்மிடையே உள்ளனர். ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்குவோரும் உள்ளனர். அத்தயக்கத்தை நாம் இழித்துரைக்கவில்லை. முத்துலட்சுமி வைத்தியத் தொழிலுக்கு வந்த காலத்தில் பெண் வைத்தியர்கள் அரிதாகவே இருந்தனர். இன்று பெண் வைத்தியர்களும் தாதியரும் நமது நாட்டில் நிறைந்துள்ளனர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். இவற்றை நமது பெண்கள் போதியளவு பயன்படுத்துகின்றனரா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆண்களைப் பொறுத்தவரை இலங்கையில் வாய்ப்புற்றுநோயே முன்னணியில் நிற்கின்றது. வெற்றிலையுடன் புகையிலையைச் சேர்த்து மெல்வதுடன், பாக்குங்கூடப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியுள்ளது. திருமண வீட்டிலும் மரண வீட்டிலும் தட்டில் வைத்து உபசரிக்கும் பொருளாயிற்றே என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. வாயினுள் இரண்டு வாரங்களுக்கு மேலாக ஆறாதிருக்கும் புண், வெண்படலம், வாயைத் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் காணப்படின் உடனே வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ காட்டவேண்டும்.

நமது மக்களிடையே நிலவும் மற்றுமொரு தவறான எண்ணத்தையும் இங்கு சுட்டிக்காட்டுதல் அவசியமாகும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரின் அருகில் குழந்தைகள் செல்லக்கூடாது, அவரது பாத்திரங்களைத் தனியாக வைக்கவேண்டும் எனச் சிலர் கருதுகின்றனர். வெளியிலிருந்து இயந்திரத்தின் மூலம் வழங்கப்படும் கதிர்வீச்சு, இயந்திரம் நிறுத்தப்பட்டதும் முடிந்துவிடுகின்றது. நோயாளியின் உடலில் அது தங்குவதில்லை. புற்றுநோயும் தொற்றுநோய் அன்று. கதிரியக்க மருந்தை உட்கொள்ளும் சில சிகிச்சைகளில் மாத்திரமே குறுகிய காலக் கட்டுப்பாடுகள் தேவைப்படும். அவற்றை வைத்தியசாலையே அறிவிக்கும். நோயினால் வருந்தும் தாயிடமிருந்து பேரப்பிள்ளைகளைப் பிரித்து வைப்பது, அறியாமையினால் இழைக்கப்படும் கொடுமையாகும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாட்களாகப் பல வாரங்கள் நீடிக்கும். ஒரேயடியாகக் கொடுத்தால் நலமான கலங்கள் தாங்கமாட்டா. சிறுசிறு அளவாகப் பகிர்ந்து கொடுக்கும்போது அவை இடையில் தம்மைச் சீர்செய்துகொள்கின்றன. வத்தளையிலிருந்து களனி கங்கையைக் கடந்து, நகரை ஊடறுத்து மஹரகமவிற்கு நாள்தோறும் சென்றுவருவது நோயாளிக்கும் உடன்செல்வோருக்கும் எளிதன்று. நாட்கூலிக்கு உழைப்போர் வருமானத்தை இழக்கின்றனர். உடல் சற்றுத் தேறியதும் சிகிச்சையை இடையில் கைவிடுவோர் இதனாலேயே உருவாகின்றனர். இடையில் விடுபட்ட நாட்கள் புற்றுக் கலங்களுக்கு மீண்டும் பெருக வாய்ப்பளிக்கின்றன. நோன்புக் காலத்தில் சிகிச்சை பெறும் முஸ்லிம் சகோதரர்களும், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை நினைவிற்கொண்டு, வைத்தியரினதும் உலமாக்களினதும் ஆலோசனையைப் பெற்று, சிகிச்சை தடைப்படாது பார்த்துக்கொள்ள வேண்டும். கோவில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் நலன்புரிச் சங்கங்களும் இத்தகைய குடும்பங்களுக்குப் போக்குவரத்து வசதியும் உணவும் அளிக்க முன்வருமாயின் அதனினும் மேலான அறம் வேறில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு 1956ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கிற்று. தமிழக அரசின் மகப்பேற்று உதவித் திட்டம் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரது பிறந்த தினத்தை 2019ஆம் ஆண்டு தொடக்கம் மருத்துவமனை தினமாகத் தமிழகம் கொண்டாடுகின்றது. பன்னிரண்டு படுக்கைகளுடன் அவர் ஆரம்பித்த நிலையம், ஆராய்ச்சியும் கல்வியும் சிகிச்சையும் ஒருங்கமைந்த பெரும் நிறுவனமாக வளர்ந்து, கடல் கடந்தும் நோயாளரை ஈர்க்கின்றது. தமது சகோதரியைக் காப்பாற்ற இயலாதுபோன ஒருவர், பிறரின் சகோதரிகளைக் காப்பாற்றும் வழியை அமைத்துச் சென்றார்.

அவரது வாழ்வை வியந்து போற்றுவது எளிது. அவர் எதிர்த்துநின்ற அச்சத்தை நமது இல்லங்களிலிருந்து அகற்றுவதே நாம் செய்யவேண்டிய கடமையாகும். கட்டியொன்று கண்டால் மறைக்காமற் கூறுவோம்; கூறியவரை ஒதுக்காமல் உடன் அழைத்துச் செல்வோம்; ஆரம்பித்த சிகிச்சையை முடிக்கும்வரை துணைநிற்போம். உரிய காலத்தில் வந்தடையும் நோயாளிக்கு வழங்குவதற்கு இன்றைய மருத்துவத்திடம் துல்லியமான கருவிகள் உள்ளன. அவற்றின் வாயில்வரை நோயாளியைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நம்முடையதாகும்.